நீலம் கொஞ்சம் ஜாஸ்தி

ஜனவரி 4, ஞாயிறு

வானியல் மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒருத்தர் ஒரு படம் போட்டிருந்தார். ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகமாம். கல்யாணப் பந்தியில் ரோஸ்மில்க் கொட்டிய மேசை விரிப்பைப் போலத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். இந்த ஊரில் எதைப் போட்டாலும் கைதட்டுவார்கள்.

மத்தியானம் சாப்பிட வந்திருந்த, என் மனைவி சுலோச்சனாவின் தங்கை, என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "வானத்துல நெஜமாலுமே இந்தக் கலரெல்லாம் இருக்குதுங்களா மாமா?"

இல்லை என்றேன். எங்கள் கேமரா கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும். அதன் முன்னால் ஒரு ஃபில்டர் வைத்தால் ஹைட்ரஜன் வாயுவின் ஒளி மட்டும் உள்ளே வரும். இன்னொன்று வைத்தால் ஆக்ஸிஜன். மூன்றாவது, கந்தகம். ஆக, ஒரே நெபுலாவுக்கு மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றைக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து, கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று நாமாகக் கொடுத்துக் கலக்க வேண்டும். கலந்ததும் எல்லாம் பச்சையாக, வாரக்கணக்கில் கழுவாத தண்ணீர்த் தொட்டி மாதிரி நிற்கும். அங்கிருந்து பச்சையை இறக்கி, பொன்னிறத்தையும் நீலத்தையும் வெளியே எடுப்பதுதான் வேலை. நிறம் வானத்தில் இல்லை. போடுகிறவன் கண்ணில் இருக்கிறது.

"அப்ப யாரு வேணாலும் எந்தக் கலரு வேணாலும் போடலாம்ங்களா?"

"போடலாம். அதான் எல்லா மடையனும் போட்டுட்டு இருக்கறான்."

சுலோச்சனா அடுப்படியிலிருந்து, "அவகிட்ட ஏனுங்க எரிஞ்சு விழறீங்க?" என்றாள். நான் எரிந்து விழவில்லை. உண்மையைச் சொன்னேன்.

முப்பது வருடம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவன் நான். ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பனியன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது தேறும், அது தேறாது என்று சொன்னால் முதலாளி மறுபேச்சுப் பேச மாட்டார். போன வருடம் அந்த லேவண்டர் லாட் விவகாரம் வரைக்கும். நிறம் அளக்கிற மெஷின் ஒன்று சொன்னது, நான் ஒன்று சொன்னேன். முதலாளி மெஷினை நம்பினார். நம்பட்டும். நானாகவே விலகிக்கொண்டேன்.


ஜனவரி 6, செவ்வாய்

கம்ப்யூட்டர் அறையில் டியூப்லைட் மாற்றினேன். புதியதும் மஞ்சளாக, அழுது வடிகிறது. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்கப் போனால், "நல்ல வெள்ளைதானுங்களே" என்கிறான். அவனுக்கு வெள்ளை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.


ஜனவரி 11, ஞாயிறு

ரோசெட் நெபுலா முடிந்தது. மொட்டைமாடியில் மூன்று வாரமாகச் சேர்த்த வெளிச்சம். டெலஸ்கோப்பும் அதைத் தாங்கித் திருப்பும் மவுன்ட்டும் என்னுடையவை. கேமராவும் ஃபில்டர்களும் ஹபீபுடையவை. அவனிடம் மவுன்ட் இல்லை, என்னிடம் கேமரா இல்லை. இருபது வருடப் பழக்கம் இப்படித்தான் ஓடுகிறது. எடுப்பது ஒன்றாக, நிறம் போடுவது அவரவர் வீட்டில்.

ஹபீப் சாயங்காலம் வந்தான். அவனுக்கு மங்கலம் ரோட்டில் ஆஃப்செட் பிரஸ். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், காலண்டர். அவன் போட்டுக் கொண்டுவந்த ரோசெட்டைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. பழுப்பும் மஞ்சளுமாக, அழுக்குத் தண்ணீரில் முக்கி எடுத்தது போல. நான் என்னுடையதைக் காட்டினேன். நடுக்குழியில் ஆக்ஸிஜன் குளிர்ந்த நீலமாக நிற்கிறது; சுற்றி ஹைட்ரஜன் பொன்னாக. தூசிப் பாதைகள் ஒவ்வொன்றும் மயிரிழை மயிரிழையாக.

ரொம்ப நேரம் பார்த்தான். "தூசியெல்லாம் அருமையா எடுத்துருக்கற சிகாமணி. நீலம் கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?"

"எங்க ஜாஸ்தி?"

"எல்லா எடத்துலயுந்தான். நட்சத்திரம்கூட ஊதாவா நிக்குது."

"உன்ற காலண்டர்ல முருகரோட மயிலுக்குப் போடற நீலத்தவிட கம்மிதான்."

அவன் சிரித்தான். அப்புறம் தயங்கித் தயங்கி, "ஒரு தடவ கண்ணக் காட்டிப்போட்டு வரலாம்ல? எங்க அத்தாவுக்கும் இப்பிடித்தான்..." என்றான்.

கண்ணைக் காட்டச் சொல்கிறான், என்னை! நோட்டீஸ் அடிப்பவன்! "உன்ற அத்தா என்ன டையிங் மாஸ்டரா?" என்று அவன் அப்பாவை இழுத்துக் கேட்டேன். அவன் டீயைக் குடித்தான்.


ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சுலோச்சனாவுக்கு நானே போய்ப் பட்டுப்புடவை எடுத்து வந்தேன். காப்பிக்கொட்டை நிறம், சன்னக் கரை. அடக்கமான நிறம். அவள் பிரித்துப் பார்த்து ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள். அவள் தங்கை மட்டும், "அக்காவுக்கு வயலெட் எடுப்பா இருக்குது" என்று உளறினாள். காப்பிக் கலருக்கும் வயலெட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குத்தான் நான் நெபுலாவை விளக்கியிருக்கிறேன்.


ஜனவரி 19, திங்கள்

ஆக்ஸிஜன் ஃபில்டரில் கோளாறு. பெரிய நட்சத்திரங்களைச் சுற்றிப் புகை மாதிரி ஒரு வளையம். ஹபீபுக்குப் போன் செய்து, அவன் வாங்கின ஃபில்டரின் லட்சணத்தைச் சொன்னேன். அவன் தன் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு வளையம் எதுவும் இல்லை என்றான். காசு கொடுத்து வாங்கினவன் வேறென்ன சொல்வான்.

தெருமுனை விளக்கைச் சுற்றியும் அதே மாதிரி வளையம். அது சாயப்பட்டறைப் புகை.


பிப்ரவரி 1, ஞாயிறு

பதினைந்தாம் தேதி மன்றத்தின் கண்காட்சி. ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். பிரிண்ட் எல்லாம் ஹபீப் பிரஸ்ஸில். என் ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இத அப்பிடியே அடி. நீ கை வைக்கக் கூடாது."

"காகிதத்துல நீலம் இன்னுந் தூக்கும் சிகாமணி. கொஞ்சம் இறக்கி..."

"அப்பிடியேன்னு சொன்னா அப்பிடியே."

"சரி" என்றான். சொல்கிறபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.


பிப்ரவரி 9, திங்கள்

மானிட்டர் செத்துக்கொண்டிருக்கிறது. எழுத்தெல்லாம் பனியில் நனைந்தது மாதிரி. புதிது வாங்க வேண்டும்.


பிப்ரவரி 16, திங்கள்

நேற்று நடந்ததை எழுத நேற்றே கை வரவில்லை.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். என் ரோசெட்டை நடுச்சுவரில் மாட்டியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். நான் கொடுத்த படமா அது? நீலமெல்லாம் வடிந்து, மங்கி, பழுப்பேறி, ஹபீபின் படத்துக்குத் தம்பி மாதிரி நிற்கிறது. மையில் கஞ்சத்தனம் செய்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஒரு அம்மா அதன் முன்னால் நின்று, "சாமி படம் பாக்கறாப்ல இருக்குதுங்க. நீங்க எடுத்ததுங்களா?" என்று கேட்டார்.

"இதப் பாத்து ஏமாறாதீங்கம்மா. நான் குடுத்தது வேற. அடிச்சவன் கெடுத்துப்போட்டான்."

அவர் ஒன்றும் புரியாமல் நகர்ந்துவிட்டார். அதன் பிறகு வந்த ஒவ்வொருத்தரும் அந்தப் படத்தைத்தான் புகழ்ந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன படத்தைப் புகழ்கிற கூட்டத்தின் நடுவே நிற்பதை விடக் கேவலம் வேறில்லை.

நெபுலாவுக்கு நிறம் போடுவது பற்றிப் பேச மைக்கைக் கொடுத்தார்கள். பேச்சு நன்றாகத்தான் போனது. நடுவில் ஹபீபின் ரோசெட்டைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "எப்பிடிப் போடக் கூடாதுன்னு காட்டறேன். இது நெபுலா இல்லீங்க, நேத்து வெச்ச சாம்பார்" என்றேன். ஹால் முழுக்கச் சிரித்தது. "நோட்டீஸ் அடிக்கறவன் வானத்துல கை வெச்சா வானமும் நோட்டீஸ் ஆயிரும். என்ற படத்தையும் சேத்தே கெடுத்துட்டான்" என்றேன். அப்போதும் சிரித்தார்கள், ஆனால் கொஞ்சம் குறைவாக. முன்வரிசையில் ஹபீபின் மனைவி மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. ஹபீப் கடைசி வரிசையில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கையில் இருந்த நாற்காலியை மெதுவாக இறக்கி வைத்தான்.

சாயங்காலம் சுலோச்சனாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இருட்டக்கூட இல்லை. எதிரே ஒரு கார், கண்ணைப் பறிக்கிற வெள்ளை விளக்கு. ரோடே மறைந்துவிட்டது. நடுவில் இருந்த சிமெண்ட் தடுப்பு எனக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரிந்திருக்காது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. சுலோச்சனாவுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

இப்படி விளக்குப் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களின் லைசென்ஸைப் பிடுங்க வேண்டும்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடித்ததும் சுலோச்சனா டாக்டரிடம் சொன்னாள்: "என்ற கை கெடக்கட்டும் டாக்டர். இவருக்கு முதல்ல கண்ணப் பாருங்க."

"இவளுக்கு அதிர்ச்சி டாக்டர்" என்றேன்.

"ஒரு வருசமா அதிர்ச்சிதான்" என்றாள்.


பிப்ரவரி 17, செவ்வாய்

ஹபீப் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சுலோச்சனாவின் கையைப் பற்றி விசாரித்தான். பிறகு மாடிக்குப் போய் கேமராவையும் ஃபில்டர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான்.

"அத எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"என்னுது. அதான்."

"மவுன்ட் இல்லாம கேமராவ வெச்சுட்டு என்ன பண்ணுவ?"

"கேமரா இல்லாம மவுன்ட்ட வெச்சுட்டு நீ என்ன பண்றயோ அது."

போய்விட்டான். இவ்வளவு தொட்டாற்சிணுங்கியாக இருப்பவன் கண்காட்சி பக்கமே வந்திருக்கக் கூடாது.


பிப்ரவரி 20, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. சுலோச்சனா கட்டுக் கையோடு ஆட்டோ பிடித்து, என்னைக் குழந்தை மாதிரி இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் இளம் பெண். என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு கண்ணுலயும் நல்லா முத்தின புரைங்க சார். இவ்வளவு நாள் எப்பிடிச் சமாளிச்சீங்க?" என்றது.

நான் சமாளிக்கவில்லை, எனக்குத் தெளிவாகத் தெரிகிறது என்றேன். சுவரில் எழுத்துகளைக் காட்டினார்கள். மேல் வரிசை தெரிந்தது. மற்ற வரிசைகள் அச்சு சரியில்லை.

"லென்ஸ் மஞ்சளாயிருச்சுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஆனதால உங்களுக்குத் தெரியாது. நீலம், ஊதாவெல்லாம் உள்ள வர்றதே கம்மியா இருக்கும்."

"நான் டையிங் மாஸ்டருங்க."

"அப்பிடீங்களா சார்" என்று எழுதிக்கொண்டது. அது பாட்டுக்குத் தேதி குறித்துவிட்டது. முதலில் வலது கண், மூன்று வாரம் கழித்து இடது.

டாக்டர்களுக்குப் பிழைப்பு நடக்க வேண்டுமே.


மார்ச் 5, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. வலியில்லை. கண்ணுக்குக் கட்டு. கோணல் கையெழுத்து.


மார்ச் 6, வெள்ளி

கட்டை அவிழ்த்தார்கள்.

டாக்டரின் கோட்டு வெள்ளையாக இருந்தது. இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெள்ளை என்று இத்தனை நாள் நான் நினைத்திருந்தது வெள்ளையே இல்லை. இது உப்பு மாதிரி, குழல்விளக்கு மாதிரி, லேசான நீலத்தோடு கூசுகிற வெள்ளை. இடது கண்ணால் பார்த்தால் அதே கோட்டு டீயில் நனைத்த துணி. வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். டாக்டர் சிரித்தது.

வெளியே பெஞ்சில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். பொங்கல் புடவை. ஒரு கையால் கட்டிக்கொள்ள முடியாதென்று தங்கையை வைத்துக் கட்டியிருக்கிறாள்.

கத்தரிக்காய் வயலெட். பளீரென்ற வயலெட். ஐம்பத்து மூன்று வயதில் இந்த நிறத்தைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் இரண்டு மாதமாகப் போய் வந்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கேக்கற ஆளுங்களா?" என்று மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்தாள்.


மார்ச் 8, ஞாயிறு

கம்ப்யூட்டர் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுலோச்சனா மத்தியானம் அசந்து தூங்கியபோது கம்ப்யூட்டரைப் போட்டேன்.

ரோசெட்டைத் திறந்தேன்.

நீலம். முழுக்க நீலம். சொட்டுநீலப் பாட்டிலைத் திறந்து ஊற்றியது போல. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றும் ஊதாக் கொப்புளம். பொன்னிறம் என்று நான் மணிக்கணக்கில் இழைத்தது பிணத்தின் மேல் போடும் ரோஜாப்பூ நிறம். தூசிப் பாதைகள் மட்டும் இருக்கின்றன, மயிரிழையாக, அப்படியே. இதை வேறு யாராவது குழுவில் போட்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு விட்டிருக்க மாட்டேன்.

போன வருடத்துப் படங்களைத் திறந்தேன். அதற்கு முந்தின வருடத்தையும். பின்னால் போகப் போக நீலம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வருடத்துக்கு முந்தினவை மட்டும் ஒழுங்காக இருக்கின்றன.

அந்த லேவண்டர் லாட் பற்றி இன்று எழுதப்போவதில்லை.

கண்காட்சி முடிந்து வந்த பிரிண்ட் கட்டுப் பிரிக்காமல் அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. கெட்டுப்போன படம். பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்தேன். நடுவில் ஆக்ஸிஜன் குளிர்ந்த நீலமாக நின்றது. சுற்றி ஹைட்ரஜன் பொன்னாக. நட்சத்திரங்கள் வெள்ளை. நான் எதைப் போட்டேன் என்று நினைத்திருந்தேனோ அது.

மை குறைந்தால் இப்படி வராது. படம் முழுக்க வெளிறியிருக்கும். இதில் யாரோ உட்கார்ந்து, நீலத்தை மட்டும் இறக்கி, நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து ஊதாவைத் துடைத்து, திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நாள் வேலை இல்லை அது.

போன வருடக் கண்காட்சி பிரிண்ட் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதன் ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதிலும் அப்படியே.


மார்ச் 11, புதன்

கோபம்தான் வருகிறது. என் படத்தைத் தொட இவன் யார்? அப்பிடியே அடி என்று சொன்னேன், சரி என்றான். சரி என்று சொல்லிவிட்டுச் செய்தது திருட்டு. என் பெயருக்குக் கீழே அவன் நிறம். அந்த அம்மா சாமி படம் என்று சொன்னது அவனுடைய படத்தை.

இதைப் போய்க் கேட்கத்தான் வேண்டும்.


மார்ச் 13, வெள்ளி

மருந்து போட்டால் கண் கலங்குகிறது. அதனால் இன்றும் போகவில்லை. சுலோச்சனா இடது கையால் சொட்டு விடுகிறாள். பாதி என் கன்னத்தில் விழுகிறது.

"ஹபீபண்ணன் எப்ப வந்தாலும் நீங்க திட்டறீங்க. திட்டறதுக்காச்சும் ஒரு எட்டுப் போயிட்டு வாங்க" என்றாள்.


மார்ச் 15, ஞாயிறு

போனேன். பிரஸ் லீவு. ஹபீப் மட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கண்ணாடியோடு நின்ற என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டான்.

"ஆபரேசன் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சு. என்ற படத்துல எதுக்குக் கை வெச்ச?"

துணியைக் கீழே வைத்தான். "அதுக்குத்தான் வந்தயா?"

"அப்பிடியே அடின்னு சொன்னேன்."

"அப்பிடியே அடிச்சிருந்தா ஹால்ல அத்தன பேரும் உன்னயப் பாத்துச் சிரிச்சிருப்பாங்க. நல்லா இருந்திருக்குமா?"

"என்னயத்தான பாத்துச் சிரிப்பாங்க. உனக்கென்ன?"

"அதத்தான் மெஹருன்னிசாவும் கேட்டா. உங்களுக்கென்னன்னு." சத்தத்தை உயர்த்தாமல்தான் பேசினான். "கண்ணக் காட்டுன்னு சொன்னேன். எங்க அத்தாவ இழுத்த. சரி, நாலு பேரு சிரிக்காம பாத்துக்கலாம்னு நெனச்சேன். உன்ற படத்துக்கு நாலு நாள் உக்காந்தேன் சிகாமணி. கலரு மட்டுந்தான் என்னுது. உள்ள இருக்கற வேலையெல்லாம் உன்னுது. அந்தத் தூசிய உன்னயாட்ட எடுக்க எனக்கு வராது, அது எனக்குத் தெரியும். கடசீல மைக்கப் புடிச்சுட்டு என்னய நோட்டீஸ்காரன்ங்கற. என்ற சம்சாரத்து முன்னால."

"எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். அது எனக்குச் சாம்பாராத்தான் தெரிஞ்சுது."

"தெரிஞ்சதுல தப்பில்ல. நான் அதச் சொல்லல."

அவன் எதைச் சொல்கிறான் என்பது எனக்குப் புரிந்தது. அதற்குப் பதில் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான். என் வாய்க்கு அது பழக்கமில்லை. "டீ சொல்லட்டா?" என்று அவன்தான் கேட்டான். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் எத்தனை பேரின் படத்தை நாக்கால் கிழித்திருக்கிறேன். அதில் ஒருத்தனாவது ஹபீபைப் போல மனம் நொந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பானா?


மார்ச் 17, செவ்வாய்

இடது கண்ணுக்கு இருபத்தாறாம் தேதி. அதோடு அந்தப் பழைய லென்ஸை எடுத்து வீசிவிடுவார்கள். அது போனால் நான் எதைப் பார்த்தேன் என்பதற்கு வேறு சாட்சியே இல்லை. ஹபீபுக்கு, சுலோச்சனாவுக்கு, அந்த முதலாளிக்கு, நான் கிறுக்குப் பிடித்து நீலத்தைக் கொட்டினவன். அவ்வளவுதான்.

ஒன்று செய்து பார்க்கலாம்.


மார்ச் 20, வெள்ளி

மூன்று நாளாக இதே வேலை. திரையின் இடது பாதியில் என்னுடைய நீல ரோசெட். அதை இடது கண்ணால் மட்டும் பார்க்கிறேன். வலது பாதியில் அதன் நகல். அதை வலது கண்ணால் மட்டும். இடது கண்ணுக்கு அசல் எப்படித் தெரிகிறதோ, வலது கண்ணுக்கு நகல் அப்படித் தெரியும் வரை நகலை மாற்ற வேண்டும். நீலத்தை இறக்கினேன். ஊதாவை அதற்கும் கீழே இறக்கினேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். ஒரு மெல்லிய மூட்டம் போட்டேன். நட்சத்திரங்களைச் சுற்றி வளையம். ஃபில்டரின் கோளாறு என்று நான் திட்டிய அதே வளையம். இப்போது நானே உட்கார்ந்து வரைகிறேன்.

நிறம் பார்ப்பதில் இத்தனை கவனமாக நான் எந்த லாட்டுக்கும் இருந்ததில்லை.

சுலோச்சனா கண்ணுக்கு ஆகாதென்று திட்டினாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். என்ன செய்கிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னயவும் இப்பிடிப் போட்டுக் காட்டுங்க" என்றாள்.

பொங்கலன்று எடுத்த அவள் போட்டோவை அதே அளவுகளில் மாற்றினேன். புடவை காப்பிக்கொட்டை நிறமானது. முகம் மாலை வெயிலில் நிற்பது போல மாறியது. கன்னத்து மங்கு, கண்ணுக்குக் கீழே கருமை ஒன்றும் இல்லை.

"பரவால்லியே" என்றாள். "இந்தக் கண்ண எடுக்க வேண்டாம்னு சொல்லீரலாங்களா?" சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். நான் அந்தப் படத்தை அழிக்கவில்லை.


மார்ச் 22, ஞாயிறு

மறுபடி பிரஸ். பென்டிரைவைக் கொடுத்து, "இதத் திற. பேசாத, பாரு" என்றேன்.

முதலில் நீல ரோசெட் வந்தது. ஹபீப் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவன்தான் நாலு நாள் பார்த்தவனாயிற்றே. அடுத்ததைத் திறந்தான்.

"இது யாரு போட்டது?"

"என்ற இடது கண்ணு. அந்த நீலத்த அது இப்பிடித்தான் பாக்குது. அளந்து அளந்து போட்டிருக்கேன்."

நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். நடுக்குழியைப் பெரிதாக்கினான், விளிம்பைப் பெரிதாக்கினான், முழுதாக வைத்தான். பிறகு மெஹருன்னிசாவைக் கூப்பிட்டான். பிரஸ்ஸுக்குப் பின்னால்தான் வீடு. ஈரக்கையைத் துடைத்தபடி வந்தவர் என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இங்க வா. இதப் பாரு."

வந்து பார்த்தார். "உங்க படத்தவிட இது நல்லா இருக்குதுங்களே" என்றார் ஹபீபிடம்.

"ஆமா" என்றான். என் பக்கம் திரும்பினான். "இவ்வளவு நல்லாவா தெரிஞ்சுது உனக்கு?"

அப்போதுதான் எனக்கு அந்த வார்த்தை வந்தது. ஹபீபிடம் இல்லை, அவன் மனைவியிடம். "அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. எல்லாரு முன்னாலயும் பேசிட்டேன்" என்றேன். ஆபரேஷன் கண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறது.

மெஹருன்னிசா என் பக்கம் திரும்பினார். "எல்லாரு முன்னாலயும் பேசுனத எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடீங்கண்ணா?" என்றார்.

நியாயம்தான். அங்கேயே போனை எடுத்து மன்றத்துக் குழுவில் எழுதினேன். கண்காட்சியில் எல்லாரும் புகழ்ந்த ரோசெட்டுக்கு நிறம் சரிசெய்தது ஹபீப், கெட்டிருந்தது என் கண், மைக்கில் நான் சொன்னது தவறு என்று. அனுப்பினேன். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வழக்கம்போலக் கைதட்டும் பொம்மைகள். எதைப் போட்டாலும் கைதட்டுகிறார்கள்.

கிளம்பும்போது கேட்டேன். "கேமரா?"

"தர மாட்டேன்" என்றான் ஹபீப். "உன்ற வீட்டு மாடியில நின்னு நான் பேச்சு வாங்குனதெல்லாம் போதும். வேணும்னா மவுன்ட்ட இங்க கொண்டா."


மார்ச் 27, வெள்ளி

இடது கண்ணும் ஆயிற்று. டீ நிறம் இனி டீயில் மட்டும்தான்.


ஏப்ரல் 5, ஞாயிறு

மவுன்ட் ஹபீப் வீட்டு மாடிக்குப் போயிற்று. நான் எடை தூக்கக் கூடாது, சுலோச்சனாவுக்கு இன்னும் கை முழுதாகச் சேரவில்லை. ஆகவே பிரஸ்ஸில் வேலை பார்க்கும் இரண்டு பேர் தூக்கினார்கள். திருப்பத்தில் இடித்தார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள். கீழே நின்று நான் சொன்ன ஒரு யோசனையைக்கூடக் கேட்கவில்லை. மேலே இருந்து மெஹருன்னிசா, "அண்ணனக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றார். சுலோச்சனா கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.


ஏப்ரல் 19, ஞாயிறு

கரீனா நெபுலாவின் மூன்று படங்களும் தயார். பத்து நாளாக அவர்கள் மாடியில் சேர்த்த வெளிச்சம். இன்று காலை பிரஸ் கம்ப்யூட்டரின் முன்னால் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். ஒன்றாக உட்கார்ந்து நிறம் போடுவது இதுதான் முதல் தடவை. கலந்தோம். எல்லாம் பச்சை. பச்சையை இறக்கினோம்.

"ஆக்ஸிஜனுக்கு எவ்வளவு வெக்கலாம்?" என்று ஹபீப் கேட்டான்.

"நீ சொல்லு" என்றேன்.

அவன் மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"சொல்றா."

சொன்னான். வைத்தோம். வைத்துவிட்டுப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் வைத்த நீலம் சவலைப்பிள்ளை மாதிரி இருந்தது. சொன்னேன். அவன் மறுத்தான். பிரஸ்ஸே அதிர்கிற மாதிரி மத்தியானம் வரை சண்டை போட்டோம். கடைசியில் சுலோச்சனாவையும் மெஹருன்னிசாவையும் கூப்பிட்டு, யாருடையது எது என்று சொல்லாமல் இரண்டையும் காட்டினோம்.

இருவரும் என்னுடையதைக் காட்டினார்கள். நீலம் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள்.

ஹபீபுக்கு நிறம் பார்க்கத் தெரியாது. இந்த முறை உண்மையாகவே.